ஒலிநாடாவின் சாய்வும் கரிசலின் குரலும்



கவிதையும் கதையும் பேசப்படும் அவையில் பழைய டேப்ரிக்கார்டரின் ஹெட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கரிசல் இலக்கியம் ஏட்டில் ஏறுமுன் வாயில் இருந்தது. அந்த வாய்மொழியின் கடைசித் தலைமுறைகளில் ஒரு பகுதி இன்று காசெட்டுகளில் தங்கியிருக்கிறது. பரணிலும் தகரப்பெட்டியிலும் கிடக்கும் அக்காசெட்டுகளிலிருந்து குரலை மீட்பதும் இழப்பதும் பெரும்பாலும் ஒரு சிறு திருகாணியைப் பொறுத்த காரியம்.

காசெட் வருமுன் போனவற்றை முதலில் நினைத்துக்கொள்ளலாம். பிலிப்ஸ் நிறுவனம் இக்கருவியைப் பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்தது 1963இல். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். விளாத்திகுளம் சுவாமிகள் 1965இல் மறைந்தார். அருணாசலத்தின் வாசிப்புக்கு இசைத்தட்டு உண்டு. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' உண்டு. சுவாமிகளின் ராக ஆலாபனையோ, பக்கத்தில் அமர்ந்து கேட்ட கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் போன்றோரின் எழுத்து வழியாகவே பிற்காலத்தவருக்குப் பெரும்பாலும் எட்டியது. எழுத்து எவ்வளவு சிறந்ததாயினும் அது குரல் ஆகாது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் அருந்தொகுப்பிலும் சொல் இருக்கிறது. பாடியவளின் மூச்சு இல்லை.

பின்னர், எழுபதுகளிலும் எண்பதுகளிலும், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் டேப்ரிக்கார்டர் வந்தது. கல்யாண வீட்டுப் பாட்டும் கும்மியும், ஒப்பாரியும் பாட்டி சொன்ன கதையும், இலக்கியக் கூட்டத்து உரையும் பதிவாயின. பதிந்தவர்கள் ஒலிப்பொறியாளர்கள் அல்லர். ஆசிரியர்கள், அஞ்சல் ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள். கருவியும் அப்படித்தான்: ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட சின்ன மோனோ செட்டு.

இனி அந்தச் சாய்வின் கதை. காசெட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஹெட்டின் முகத்தில் வெறும் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கீற்று ஒன்று உண்டு. ஓடும் நாடாவுக்கு அது நேர்க்குத்தாக, 90 பாகையில், நிற்கவேண்டும். விநாடிக்கு 5,000 அதிர்வுள்ள ஒலிக்கு நாடாவில் ஓர் அலை பிடிக்கும் இடம் ஒன்பதரை மைக்ரான். ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கீற்று சாய்ந்துவிட்டால் அதன் ஒரு முனை அலையின் மேட்டையும் மறுமுனை பள்ளத்தையும் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சால் ஓட்டிய புஞ்சையில் நீளப் பலகை ஒன்றைச் சாலோடு சேர்த்து வைத்தால் அது பள்ளத்தில் இறங்கும். கோணலாக வைத்தால் மேடுகளின்மேலேயே தங்கிவிடும். நடப்பது ஏறத்தாழ அதுதான். மோனோ பதிவின் தடம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். அதில் ஒரு பாகையின் மூன்றில் ஒரு பங்குச் சாய்வே அந்த 5,000 அதிர்வு ஒலியைப் பெரிதும் அழித்துவிடப் போதுமானது.

தாழ்ந்த ஒலிகளின் அலை நீளமானது. ஆகவே அவை தப்பிவிடுகின்றன. போவது சகரத்தின் சீற்றமும் வல்லினத்தின் முனையும், தாளத்தின் மணியொலியும் கும்மியின் கைத்தட்டும். ஒப்பாரிக்காரி 'பாசம்' என்றாளா 'பாதம்' என்றாளா என்று தெரியாமற் போகிறது. கேட்டு எழுதுபவர் தமக்குத் தோன்றியதை எழுதுகிறார், அது அச்சாகிறது, பிறகு அதுவே பாடம் ஆகிவிடுகிறது. ஏடு பெயர்த்து எழுதியோரின் பிழைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஆராய்ந்த தமிழ்ப் புலமை, நாடா பெயர்த்து எழுதுவோரின் பிழையை இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஒலி மங்கினால் டிரெபிளைக் கூட்டுவது பொதுவான வழக்கம். அது பயன் தராது. ஹெட் வாசிக்காமல் விட்டதை எந்தக் குமிழும் திருப்பித் தராது. நாடாவின் இரைச்சலைத்தான் கூட்டும்.

முதலில் துப்புரவு. கரிசல் மண்ணின் புழுதி மாவைப்போல் நுண்ணியது. அது நாடா உதிர்த்த துகளோடு சேர்ந்து ஹெட்டின்மேல் படலமாகப் படிகிறது. குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, உலர விடவேண்டும். மருந்து முக்காத தீக்குச்சிக்குக் கோவில்பட்டியில் பஞ்சம் வந்ததில்லை. கோடை வெப்பத்தில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். ஓட்டம் சீராகாமல் சாய்வைப் பார்த்துப் பலனில்லை.

பெரும்பாலான செட்டுகளில் ஹெட்டை இரு திருகாணிகள் பிடித்திருக்கும். ஒன்று இறுக்கி வைக்கப்பட்டது. மற்றதன் அடியில் சிறு சுருள்வில் இருக்கும். சாய்வைத் திருத்துவது இதுதான். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, காந்தம் ஏறாத சிறு திருப்புளியால் அதை மிக மெல்ல இருபுறமும் திருப்பிப் பார்க்கவேண்டும். கால் சுற்றுக்குள் ஓரிடத்தில், போர்வையை விலக்கினாற்போல் குரல் வெளியே வரும். ஸ்டீரியோ டெக்கில் மோனோ பதிவைப் போட்டு, இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்து கேட்டால் அந்த இடம் இன்னும் துல்லியமாகப் பிடிபடும். சாய்வு இருக்கும்வரை ஒலி தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் நெளியும். ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'டிராகன்' என்னும் டெக், இவ்வேலையைத் தானே செய்துகொண்டது. ஒவ்வொரு நாடாவுக்கும் தன் ஹெட்டைத் தானே சாய்த்துக்கொண்டது. விலை மிகுந்த அந்தக் கருவி கரிசற்காட்டுக்கு வந்து சேரும் பொருள் அன்று. நல்ல செவியும் பொறுமையும் உள்ளவர் கையாலேயே அதைச் செய்யலாம்.

ஆனால் இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் தவறிவிடக்கூடிய இடம் இருக்கிறது. அளவுநாடாவைப் போட்டு ஹெட்டைச் சரியாக 90 பாகையில் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் கருதுவார். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக்கு அது சரி. வீட்டில் பதிந்த பழைய காசெட்டுக்குச் சரியன்று. பதிந்த செட்டின் ஹெட்டே சாய்ந்திருந்தால் குரல் அந்தச் சாய்விலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை நேரான ஹெட் வாசிக்காது; அதே சாய்வில் நிற்கும் ஹெட்தான் வாசிக்கும். கருவிக்கு நாடா அன்று, நாடாவுக்குக் கருவி வளையவேண்டும். உலக ஒலிக் காப்பகங்களின் கூட்டமைப்பு வகுத்த வழிகாட்டு நெறியும், பெயர்க்கும்போது நாடாவுக்கு நாடா சாய்வைச் சரிபார்க்கவே சொல்கிறது. இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினால் மறுபடியும் பார்க்கவேண்டும்.

கரிசல் எழுத்தை அறிந்த இவ்வவைக்கு இது புதிய செய்தி அன்று. கி.ரா. 1982இல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தபோது, வழக்குச் சொற்களை இலக்கணத்துக்கு இழுத்து நிமிர்த்தவில்லை. வாய் சொன்ன கோணத்திலேயே செவியை வைத்தார். அதைக் கொச்சை என்று சொன்னவர்களும் அன்று இருந்தார்கள்.

இப்பொழுது அவசரம் ஒன்று இருக்கிறது. வீடுகளில் உள்ள காசெட்டுகளைக் கணினிக்கு மாற்றித்தரும் வேலை விரைவாக நடக்கிறது. மாற்றி முடிந்ததும் பழையது குப்பைக்குப் போகிறது. சாய்ந்த ஹெட்டில் மாற்றிய பதிவில் தொலைந்த சகரம் நிரந்தரமாகத் தொலைந்தது. அதன்பின் எந்தத் திருகாணியும் உதவாது. ஆகவே, மாற்றிய பின்னும் மூல நாடா காக்கப்படவேண்டும். முதற்படியை இரைச்சல் நீக்காமல், சுருக்காமல், 24 பிட் ஆழத்தில் அப்படியே வைக்கவேண்டும். மெருகு வேண்டுவோர் பிரதியில் செய்துகொள்ளட்டும்.

வட்டத்து அன்பர்கள் தத்தம் வீட்டுக் காசெட்டுகளை எடுத்து வரும்போது, பசை காய்ந்து உதிரும் ஒட்டுத்தாளில் இருப்பதை, பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை, முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. திருகாணியின் தொடக்க நிலையையும் ஒரு கோடிட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். எல்லா நாடாக்களும் முடிந்தபின் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பி, அசையாதிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடலாம்.