நீர்வீழ்ச்சி முறையும் மளிகைக் கடைக் கணக்கும்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலையின் வரிசையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் நட்ட காலம் தொட்டு இருந்து வரும் வரிசை அது. விடியலில் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, ஸ்டோரில் நிறுத்தல், அமிலம் விட்டு உறைய வைத்தல், உருளையில் கொடுத்தல், கடைசியில் புகை. புகை போட்ட ஷீட்டை மறுபடியும் பாலாக்க முடியாது.

மென்பொருள் துறையில் நீர்வீழ்ச்சி முறை என்பதும் இப்படித்தான். தேவையை எழுதி வாங்குவது, வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, ஒப்படைப்பு. ஒன்று முடிந்து கையெழுத்தான பிறகே அடுத்தது.

இதைப் படமாக வரைந்து காட்டியவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர்; ஆண்டு 1970. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையில் நீர்வீழ்ச்சி என்ற சொல்லே கிடையாது. சோதனை கடைசியில் வருவதால் தவறு தெரியும்போது காலம் கடந்துவிடும், இது ஆபத்தான வழி என்று அவரே அதில் எச்சரித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்!

மலாக்கா லிட்டில் இந்தியாவிலோ ஜாசினிலோ உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கடைகள் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2018 மே மாத நடுவில் அறிவிப்பு வந்து, ஜூன் 1-இல் அந்த வரி பூஜ்யமானது. செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி திரும்பியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தேவையை எழுதிக் கையெழுத்திட்டு, வருடக் கடைசியில் பில் மென்பொருளை வாங்கும் கடைக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எழுதிக் கேட்டது வந்திருக்கும்; கடைக்கு அது உதவாது. மிச்சப் பணத்தைக் கொடுக்க அவருக்கு மனம் வராது. ஆறு மாதம் கண் விழித்த இளைஞருக்கோ அதுதான் சம்பளம்.

அதற்காக வரிசையே வேண்டாம் என்பதும் தவறு. விமானத்திலும் மருத்துவக் கருவியிலும் ஓடும் மென்பொருளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துப்பூர்வமான சான்று வேண்டும். கடைக்கு அவ்வளவு தேவையில்லை. முதல் இரண்டு வாரத்தில் பில் போடும் திரை ஒன்றை மட்டும் செய்து கல்லாவில் வைத்துவிடலாம். கல்லாவில் நிற்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துவிட்டு, சரக்குக் கணக்கைப் பிறகு தொடலாம். வரி விகிதத்தை நிரலுக்குள் புதைக்காமல், கடைக்காரரே மாற்றும்படி தனியாக வைக்கலாம்.

மின் விலைப்பட்டியலை அரசாங்கமே 2024 ஆகஸ்ட் 1-இல் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை செய்யும் நிறுவனங்களிடம்தான் முதலில் தொடங்கியது. 25 மில்லியனைத் தாண்டியவர்களின் முறை 2025 ஜனவரி 1-இல் வந்தது. ஒப்பந்தம் எழுதும்போது, இடையில் சட்டம் மாறினால் திருத்தும் செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது.