நோயாளியின் தலைமாட்டில் ஒரு கொப்பி



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமழானில் முஸ்லிம்கள் பத்ரை நோக்கிப் புறப்பட்டபோது உஸ்மான் (ரழி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். அன்னாரின் மனைவியும் நபி (ஸல்) அவர்களின் மகளாருமான ருகையா (ரழி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். தங்கியிருக்குமாறு பணித்தவர்கள் நபியவர்களே. வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் ருகையா (ரழி) அவர்களின் நல்லடக்கம் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நற்கூலியும் கனீமத்தின் பங்கும் உஸ்மான் (ரழி) அவர்களுக்கு உண்டென நபியவர்கள் அறிவித்தார்கள்.

கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியை விட்டு வர முடியாதவருக்கு ஜும்ஆவும் கடமையில்லை, அவர் ழுஹர் தொழுதுகொள்ளலாம் என்று நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. மார்க்கம் இவ்வளவு மதிக்கும் அப்பணி நம் வீடுகளில் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கின்றது?

தெஹியோவிட்டவிலும் சூழவுள்ள இறப்பர் தோட்டப் புறங்களிலும் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த தந்தையர் உளர். ஒரு மகன் கொழும்பில் கடையில், மற்றவர் கட்டாரில். பணம் தவறாது வருகின்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? பெரும்பாலும் மருமகள். மாமன் மாமிக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கம் விதித்த கடமையன்று. அவள் செய்வது உபகாரம். கடமை பிள்ளைகளுடையது. (இவ்விடத்தில் சில வீடுகளில் வானொலியின் சத்தம் குறைக்கப்படலாம்.) தந்தையின் அவ்ரத்தைச் சுத்தம் செய்யும் வேலையை, மகன் வீட்டிலிருக்கும்போதே மருமகளிடம் விடுவது எந்த வகையிலும் முறையாகாது.

ஆகவே ஒரு மஃரிபுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து மஷூரா செய்யுங்கள். நோயாளியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்மை யார் குளிப்பாட்ட வேண்டும் என்பதில் அவருக்கும் விருப்பம் உண்டு. முடிவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது, அடுத்த கிளினிக் எப்போது, அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது எந்த மகன், இரவு முறை யாருடையது என்பன அதில் இருக்கட்டும். சுவசெரிய இலவச அம்பியூலன்ஸின் 1990 என்ற இலக்கத்தை மேலட்டையில் பெரிதாக எழுதுங்கள். கவனிப்பவளே காய்ச்சலில் விழுந்தால் அவ்விடத்துக்கு வருபவரின் பெயரையும் எழுதுங்கள். பலர் மறப்பது இதைத்தான். வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கு ஓய்வு குறிக்கப்பட வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் மகன் தன் விடுமுறையில் இரவு முறையை ஏற்கட்டும்.

இன்சுலின் ஏற்றுபவர் நோன்பு நோற்கலாமா என்பதை ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை வீட்டார் தடுக்கக் கூடாது.

நமது பகுதிக்கென இன்னொரு பக்கமும் தேவை. சீதாவக்க ஆறு பெருகுவதை நாம் அறிவோம். 2016 மே மாதத்தில் நமது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்ததையும் அறிவோம். நடக்க இயலாதவரை நள்ளிரவில் தூக்குவதற்குக் குறைந்தது இருவர் வேண்டும். அயலில் அவ்விருவர் யாரென இப்போதே பேசி, பெயரை எழுதுங்கள். அவர்கள் சிங்களச் சகோதரராகவோ தோட்டத்துத் தமிழ்ச் சகோதரராகவோ இருக்கலாம். ஒரு வார மருந்தும் கிளினிக் கொப்பியும் பொலித்தீன் பையில் கட்டப்பட்டு வாசலருகே தொங்கட்டும்.