புயல் கரையைக் கடந்த பிறகுதான் நமக்கு வேலை

(வந்தவாசியில் நெசவாளர்களும் பாய்த் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மழைக்காலத்துல போன்ல வர்ற எச்சரிக்கையை எப்படிப் படிக்கறதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி ஃபெஞ்சல் புயலைக் கொஞ்சம் நினைச்சுப் பார்ப்போம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. "கடந்தாச்சு"ன்னு செய்தி வந்ததும் பலரும் டிவியை அணைச்சிட்டுப் படுத்திருப்போம். ஆனால் அது கரையேறியும் நகராமல், புதுச்சேரிப் பக்கமே பல மணி நேரம் நின்றுவிட்டது. ஞாயிறு காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. மயிலம் நமக்கு நேர் தெற்கே 40 கிலோமீட்டர்தாங்க.

அதோடு முடியவில்லை. வலுவிழந்து உள்ளே போகப் போக மழையும் கூடவே போனது. ஞாயிறு மாலை திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். திங்கள் காலைக்குள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. கடலிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வறண்ட ஊர் அது! அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்குத் தமிழ்நாட்டின் சராசரி மழையே சுமார் 44 செ.மீ.தான். அதே திங்கள் விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டது.

அதனால் "கரையைக் கடந்தது" என்பது கடலோரத்துக்கான செய்தி. நமக்கு அடுத்த ஒன்றரை நாள்தான் கணக்கு.

50 செ.மீ.ன்னா எவ்வளவுன்னு பிடிபடாது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 46,000 லிட்டருக்கு மேல் விழும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நாலு வந்து ஒரே வீட்டு மேல கொட்டின மாதிரி. அந்தத் தண்ணி தெருவுக்கு வரும், தெருவிலிருந்து தறிக்குழிக்கு வரும்.

இப்போ போனுக்கு வருவோம். வானிலை மையத்தின் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. மிக கனமழை 12 முதல் 20. அதற்கு மேல் அதி கனமழை. அதேபோல "ஓரிரு இடங்களில்" என்றால், மாவட்டத்தில் உள்ள மழைமானிகளில் கால்வாசி வரை. "ஒரு சில இடங்களில்" என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. "ஓரிரு இடம்தானே"ன்னு சிரிக்கிறோம், இல்லீங்களா? அந்த ஓரிரு இடத்துல ஒண்ணு நம்ம தெருவா இருந்தா என்ன பண்றது?

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். இதில் நம்ம ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கு. நிறம் மாவட்டத்துக்குத் தருகிறார்கள். வந்தவாசி, திருவண்ணாமலை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஜவ்வாது மலையும் இதே மாவட்டம்தான், ஆனால் நம்மை விடக் கடலுக்கு ரொம்பத் தூரம். அதனால் நம் மாவட்டத்தோடு விழுப்புரம், செங்கல்பட்டு நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே சிவப்பும் இங்கே மஞ்சளும் இருந்தால், ஆரஞ்சு என்று எடுத்துக்கொள்வதே நல்லது. இது விதி இல்லை, என் யோசனை.

தமிழ்நாடு அரசின் டி.என்.அலர்ட் செயலியில் நாம் இருக்கும் இடத்துக்கான முன்னறிவிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. இடி மின்னலுக்கு தாமினி என்ற செயலி. "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் அறிவிப்பைத் தவறவிடாதீங்க. ஐந்து நாள் முன்னறிவிப்பு திட்டம் போடத்தான். பாவைச் சுற்றி மேலே கட்டுவதா வேண்டாமா என்பதை அந்த மூன்று மணி நேரம்தான் சொல்லும். வாட்ஸ்அப்பில் பழைய வீடியோ வந்தால் முதலில் தேதியைத் தேடுங்க.

ஆரஞ்சு வந்தவுடன் தெருவில் பாவு நீட்ட வேண்டாம். கோரையை வெயிலுக்குப் பரப்ப வேண்டாம். ஜக்கார்டு அட்டைகளைப் பாலித்தீன் போட்டு மூடி விடுங்கள். ஊறிப் போன அட்டையை வைத்து டிசைன் ஓட்ட முடியாதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசைத்தறி வைத்திருப்பவர்கள், குழியிலோ தரையிலோ தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஏறிய பிறகு ஈரக் கையோடு போய் அணைக்கக் கூடாது.

அடுத்தது குளிர். மழை விட்டு வானம் தெளிந்ததும் இரவு சட்டென்று குளிரும். மேகம் போர்வை மாதிரி, தரையின் சூட்டை மேலே போக விடாது. போர்வை விலகியதும் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது, வடக்கிலிருந்து வறண்ட காற்றும் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் வேலூர்ப் பக்கம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம்தான். ஆனால் நனைந்த சுவரும் ஈரக் குழியும் உள்ள வீட்டில் இது வேறு மாதிரி வலிக்கும். குழியில் கால் விட்டு நாள் முழுக்க உட்காரும் பெரியவர்களை, குழி காயும் வரை உட்கார விடாதீங்க. கூலி போகுதேன்னு அவங்களே இறங்குவாங்க. வீட்டுப் பிள்ளைகள்தான் பிடிச்சு நிறுத்தணும். குழியை உலர்த்துகிறேன் என்று கதவை மூடி கரி அடுப்பு வைப்பதும் ஆபத்து, அதன் புகை மூச்சை அடைத்துவிடும்.

பட்டு நூல் கை தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் காற்றின் ஈரத்தை நிறைய உறிஞ்சி வைத்திருக்கும். அதனால் மழை விட்ட அன்றே பாவை இழுத்துக் கட்டாமல் ஓரிரு நாள் காற்றாட விடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்துவிடும். ஆகவே குழித் தண்ணீரை அந்த வாரத்துக்குள் இறைத்தாக வேண்டும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் அழைக்கலாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மின்கம்பி அறுந்தால் மின்னகம், 94987 94987. ஆம்புலன்சுக்கு 108. செயலியை இறக்கத் தெரியாதவங்க போனை எடுத்துக்கிட்டு முன்னாடி வாங்க, இப்பவே இறக்கிடலாம்.