இளங்கன்றின் ஆசை

"இளங்கன்று பயமறியாது" என்பது முன்னோர் மொழி. கன்றுக்குப் பொருந்துவது குழந்தைக்கும் பொருந்தும். பொரளைச் சந்தியின் வாகன இரைச்சலுக்கு நடுவே, மாடிவீடொன்றில் வளரும் சிறுவன், தைப்பொங்கலை ஒட்டி அலங்காநல்லூரிலே காளைகள் சீறிப் பாய்வதைத் தொலைக்காட்சியிற் காண்கிறான். "நானும் காளை பிடிப்பேன்!" என்று துள்ளுகிறான். தாய் திடுக்கிடுகிறாள், தந்தை அதட்டுகிறார். நேயர்களே, இவ்வாசையை அதட்டி அடக்குவதா, அன்றி ஆதரித்து நெறிப்படுத்துவதா?

ஆசை புதியதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவுதலை விரித்துரைக்கின்றது. வென்றவனின் பெருமிதத்தோடு, கொம்பிலே குத்துண்டு குடல் சரிந்தவனின் நிலையையும் அது மறையாது காட்டுகின்றது. ஆகவே, குழந்தைக்கு வீரக்கதை சொல்பவர் அதன் மறுபாதியையும் சொல்லுதல் கடன். காளையின் துன்பமும் அம்மறுபாதியைச் சேர்ந்ததே. அதனைக் கருதியே இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் சென்னை மெரீனாக் கடற்கரையிலே இளைஞர் திரண்டனர்; தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது; 2023 மே மாதத்தில் அத்திருத்தம் செல்லுமென அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2024 சனவரியில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலும் சல்லிக்கட்டு நடைபெற்றது.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய ஆர்வம் உண்டு. வட அமெரிக்க மாட்டுப் பண்ணைகளின் தொழிலிலிருந்து பிறந்தது 'ரோடியோ' என்னும் விளையாட்டு. துள்ளும் காளையின் முதுகில் ஒரு கையாற் பற்றி 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். 100 புள்ளிகளிற் பாதி வீரனுக்கு, மறுபாதி காளைக்கு! 1989ஆம் ஆண்டில் லேன் ஃபிராஸ்ட் என்னும் புகழ்பெற்ற வீரர், 25 வயதில், சவாரியை முடித்துக் கீழிறங்கிய பின் காளை முட்டி உயிர் துறந்தார். அதன் பின்னரே, அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் மார்பையும் முதுகையும் காக்கும் கவசத்தை உருவாக்கினார். ஓர் உயிரை விலையாகக் கொடுத்த பின்பே அப்பாடம் கற்கப்பட்டது.

அங்கே சிறு குழந்தைகளைக் காளைமீது ஏற்றுவதில்லை. தலைக்கவசம் அணிவித்துச் செம்மறியாட்டின்மீது ஏற்றுகின்றனர். ஆட்டுக்கு அது துன்பமென்று கண்டிப்போரும் உளர். அவ்வழக்கத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. வயதுக்கேற்ற படி வேண்டும் என்னும் கருத்தைக் கொண்டாற் போதும்.

முதற்படி எது? விலங்கை அறிதல். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இரட்டைக் காளை பூட்டிய வண்டிகள் திடலிலே ஓடும் மாட்டுவண்டிச் சவாரி இன்றும் நடக்கின்றது. வண்டி ஓட்டுவதற்கு முன்னே, தொழுவத்திலே கற்க வேண்டியவை பல. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நகரத்துப் பிள்ளை, பெரியோர் அருகிருக்க, கன்றுக்கு வைக்கோல் இடட்டும், தண்ணீர் காட்டட்டும், குளிப்பாட்டுவதைப் பார்க்கட்டும். தலை தாழ்த்தி முன்காலால் மண்ணைக் கிளறும் காளை சினங்கொண்டுள்ளது என்பதை அறியட்டும். அச்சத்தைக் காளையிடமிருந்தே கற்ற பிள்ளை, அதனை வீணே சீண்டாது. அடிப்பதும் குத்துவதும் வீரமல்ல என்பதையும் உணரும். விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே பிறந்தது என்பதையும் அதற்குச் சொல்லலாம்.

அதட்டப்பட்ட ஆசை அழிவதில்லை, ஒளிந்து வளரும். ஒளிந்து வளர்ந்த ஆசையே, ஒருவரும் அறியாத வேளையில் வேலி தாண்டிக் காளைமுன் நிற்கும். பொரளையிலே, 1895 முதல் பிள்ளைகளின் நோயையும் காயத்தையும் ஆற்றிவரும் ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் மருத்துவமனை நிற்கின்றது. முறிந்த எலும்பை மருத்துவர் பொருத்துவர். முறியாமற் காக்கும் அறிவை வழங்குவோர் பெற்றோரும் ஆசிரியருமே. ஆதலால், பிள்ளையின் ஆசையைக் கேளுங்கள். அதன் கையைப் பற்றித் தொழுவத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திடலுக்குச் செல்வதா என்பதை, வளர்ந்து அறிவு முதிர்ந்த பின் அது தானே தீர்மானிக்கட்டும்.