பரம்பரையலகு மாற்றிய உணவும் சந்தையும்



பரம்பரையலகு மாற்றப்பட்ட உணவைப் பற்றிப் பேச முன்வந்துள்ள நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, வரலாறு கற்பித்து, இன்று ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகப் பணிபுரிபவன். இவ்வுணவு உடலுக்கு நன்றோ தீதோ என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. அதனைப் பல நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் ஆராய்ந்துள்ளன. இதுவரை சந்தைக்கு வந்த வகைகளை உண்பதால், ஏனைய உணவுகளை உண்பதிலும் கூடிய தீங்கு விளைந்ததற்குச் சான்றில்லை என்பதே அவற்றின் பொதுவான முடிபு. ஆயினும், ஆய்வுகூடத்திலே தேறிய உணவு கடையிலே தேறுவது அரிதாகவே இருந்து வருகிறது. அதற்குக் காரணம் யாது? இக்கேள்வி விஞ்ஞானத்துக்கு உரியதன்று, வரலாற்றுக்கு உரியது. ஆதலால் இதனைத் தொடும் உரிமை எனக்கும் உண்டெனக் கருதுகிறேன்.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். நெல் நெல்லாகவும் கத்தரி கத்தரியாகவும் முளைப்பதற்கு, அவற்றின் கலங்களுள் அமைந்திருக்கும் பரம்பரையலகுகளே காரணம். உழவர் நல்ல விதையைப் பொறுக்கியும், இனத்தோடு இனத்தைக் கலந்தும் அவற்றை மறைமுகமாக மாற்றியே வந்துள்ளனர். புதுமுறையோ, வேண்டிய ஒரு பரம்பரையலகை மட்டும், அது எவ்வுயிரினுடையதாயினும், எடுத்துப் பயிரினுள் புகுத்துகிறது.

இம்முறையில் ஆக்கப்பட்டுக் கடைக்கு வந்த முதல் முழுக்கனி ஒரு தக்காளி. 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற அதற்கு 'பிளேவர் சேவர்' என்று பெயர். கலிபோர்ணியாவிலுள்ள கல்ஜீன் என்னும் கம்பனி அதனை ஆக்கியது. பழுத்த பின்னரும் விரைவில் இளகாதிருப்பதே அதன் சிறப்பு. அத்தக்காளியைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினார் என்று இன்று சிலர் கூறுவர். நடந்தது அதுவன்று. வாங்குவோர் இருந்தனர், விற்போருக்குத்தான் கட்டுபடியாகவில்லை. பரம்பரையலகை நன்கறிந்த அந்தக் கம்பனிக்குத் தக்காளித் தோட்டத்தைப் பற்றிய அறிவு போதவில்லை. விளைச்சல் குறைந்தது, பொதி செய்யும்போதும் ஏற்றியிறக்கும்போதும் பழங்கள் நசுங்கின, விலையைச் செலவு விழுங்கியது. 1997ஆம் ஆண்டளவில் அத்தக்காளி கடையை விட்டு மறைந்தது.

இதிலும் நம் சிந்தனைக்குரியது பிரித்தானியாவில் நடந்த செய்தி. 1996ஆம் ஆண்டிலே செனெக்கா என்னும் கம்பனி, அதே வகை மாற்றம் செய்த தக்காளியின் கூழைப் பேணியில் அடைத்து, செயின்ஸ்பரி, சேஃப்வே ஆகிய இரு பெருங்கடைகளின் வாயிலாக விற்றது. பேணியின் மேல் ஒட்டிய சுட்டுத்துண்டில், இது பரம்பரையலகு மாற்றிய தக்காளியில் ஆக்கப்பட்டது என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தனர். நிறைக்கு நிறை பார்த்தால் மற்றக் கூழிலும் மலிவு. மக்கள் வாங்கினார்களா? வாங்கினார்கள். 18 இலட்சம் பேணிகள் வரை விற்பனையாயின. ஆனால் 1999ஆம் ஆண்டில் அக்கூழ் கடைத்தட்டுகளிலிருந்து அகற்றப்பட்டது.

இடையில் நேர்ந்ததென்ன? கூழ் விற்பனைக்கு வந்த அதே 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மாடுகளைப் பீடித்த மூளைநோய் மனிதரையும் பீடித்திருக்கக்கூடும் என்று பிரித்தானிய அரசாங்கம் ஒப்புக்கொண்டது. மாட்டிறைச்சியால் அபாயமில்லை என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்ததும் அதே அரசாங்கமே. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து சோயா அவரை கப்பல்களில் வந்தது. பரம்பரையலகு மாற்றியதும் மாற்றாததும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. ரொட்டியிலும் விசுக்கோத்திலும் அந்தச் சோயா புகுந்தபோது எந்தச் சுட்டுத்துண்டும் அதைச் சொல்லவில்லை. அறிவித்து விற்ற பேணியை மக்கள் முகங்கோணாது வாங்கினர். அறிவியாது கலந்த அவரையைக் கண்டே கொதித்தனர். அக்கொதிப்பிலே பேணியும் சேர்ந்து வெந்தது. விற்றவர் நேர்மையாக இருந்தும் தண்டனை அவருக்கே கிடைத்தது என்பதுதான் இதில் எனக்கு வருத்தந் தருவது.

இனி, நம் வீட்டு முற்றங்களிலும் நிற்கும் பப்பாசிக்கு வருவோம். இக்கனியின் கதை ஹவாய்த் தீவுகளிலே நிகழ்ந்தது. அங்கு ஓவாகுத் தீவிலே பப்பாசித் தோட்டங்கள் செழித்திருந்தன. 1940களில் வளையப்புள்ளி நோய் என்னும் வைரசு நோய் அங்கே தலைகாட்டியது. அழுக்கணவன் என்று நம் கமக்காரர் கூறும் சிறு பூச்சி அதனை மரத்துக்கு மரம் காவிச் செல்லும். இலை சுருங்கும், காயின் மேல் வளையம் வளையமாகப் புள்ளிகள் தோன்றும், இறுதியில் மரம் காய்ப்பதை விட்டுக் குன்றிப்போகும். மருந்தில்லை. தோட்டக்காரர் நோயில்லாத இடம் தேடி, ஹவாய்ப் பெருந்தீவின் பூனா மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அம்மாநிலத்தின் பப்பாசியிற் பெரும்பகுதி அவ்வொரு மாவட்டத்திலேயே விளையலாயிற்று. 1992ஆம் ஆண்டு மே மாதத்தில் நோய் அங்கும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டில் 5 கோடியே 30 இலட்சம் இறாத்தலாக இருந்த பூனாவின் விளைச்சல், 1998ஆம் ஆண்டில் 2 கோடியே 60 இலட்சம் இறாத்தலாக வீழ்ந்தது.

இத்தகைய நாள் வரக்கூடுமென்று முன்னரே எண்ணியவர் டெனிஸ் கொன்சால்வஸ் என்னும் ஆய்வாளர். ஹவாயிலே கரும்புத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். கோர்ணல் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் ஆராய்ந்தவர். பூனாவுக்கு நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவரும் அவர்தம் குழுவினரும் வேலையைத் தொடங்கியிருந்தனர். வைரசின் மேலுறைப் புரதத்துக்குரிய பரம்பரையலகைப் பப்பாசியின் கலங்களுள் செலுத்தியபோது, அம்மரம் அந்த வைரசை எதிர்த்து நின்றது. அம்மை குத்துவதைப் போன்றதென்று இதனைச் சிலர் ஒப்பிடுவர். உள்ளே நடைபெறும் வேலை வேறாயினும், கேட்போர்க்கு விளங்குவதற்கு அவ்வுவமை போதும். பூனாவிலே 1995ஆம் ஆண்டு தொடங்கிய வயற்பரீட்சையில், சுற்றியிருந்த சாதாரண மரங்கள் மஞ்சளித்துச் சாக, நடுவிலே புதிய மரங்கள் பச்சைப் பசேலென்று நின்றன. உழவருக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

உரிமைப் பத்திரங்களை வைத்திருந்த கம்பனிகளிடம் பயிர்செய்வோரின் குழுவே பேசி அனுமதி பெற்றது. 'ரெயின்போ' என்னும் புதிய இனத்தின் விதை 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் கமக்காரருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. இதனை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. பரம்பரையலகு மாற்றம் என்றவுடன், விதையை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்கச் செய்யும் பெருங்கம்பனியே பலருக்கும் நினைவில் வருகிறது. அந்த நினைவு பொய்யன்று. ஆனால் பப்பாசியைக் காத்தது பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி.

தோட்டம் பிழைத்தது, சந்தை? அமெரிக்கப் பெருநிலத்திலே அப்பழம் தடையின்றி விற்பனையாயிற்று. கனடா 2003ஆம் ஆண்டில் அனுமதித்தது. ஆனால் நல்ல விலை கொடுத்து வந்த யப்பான், தன் பரிசோதனைகள் முடியும்வரை புதிய பழத்தை ஏற்க மறுத்தது. ஆகவே பூனாத் தோட்டக்காரர் யப்பானுக்கெனப் பழைய இனத்தைத் தனியே பயிரிட்டு, மாற்றிய பழம் ஒன்றேனும் கலவாதவாறு பரிசோதித்து அனுப்ப வேண்டியதாயிற்று. இதிலே ஒரு விந்தை பாருங்கள். புதிய இனம் எங்கும் பரவி நோயின் வேகத்தைத் தணித்ததனாலேதான், இடையிடையே பழைய இனத்தையும் பயிரிடுவது இயல்வதாயிற்று. மாற்றாத பழம் வேண்டுமென்று கேட்ட யப்பானியருக்கு, மாற்றிய மரமே வேலியாக நின்று அதனைக் கொடுத்தது.

யப்பானின் அனுமதி 2011ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் கிடைத்தது. அதுவும் சுட்டுத்துண்டு ஒட்டி விற்க வேண்டுமென்னும் நிபந்தனையோடு. 13 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்குள் அச்சந்தையில் வேறு நாட்டுப் பழம் இடம்பிடித்திருந்தது. கைவிட்டுப்போன வாடிக்கையாளரைச் சட்டம் அனுமதித்த மறுநாளே திரும்பப் பெறலாமென்று எண்ணுவோர், கடை வைத்து நடத்திப் பார்த்திராதவர்கள்.

இந்நோய் இலங்கையிலும் உண்டு. அவ்வாறாயின் ரெயின்போ விதையை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். அது பயன்படாது. ஹவாயிலுள்ள வைரசின் பகுதியை வைத்து ஆக்கப்பட்ட எதிர்ப்பு, வேற்று நாடுகளில் பரவியுள்ள வைரசுக் கிளைகளுக்கு முன் நிற்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் வைரசைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆய்வுகூடமும் ஆய்வாளரும் இல்லாத நாடு, பிறர் ஆக்கியதை விலைக்கு வாங்கலாமென்று பார்த்தாலும் பப்பாசியில் அதற்கு வழியில்லை.

உணவாக நேரே இலையில் விழும் கனி இவ்வாறு தடுமாற, கண்ணுக்குத் தெரியாத வழியிலே இதே தொழில்நுட்பம் பெருஞ்சந்தையைப் பிடித்துவிட்டது. 1996ஆம் ஆண்டில் உலகில் இத்தகைய பயிர் நின்ற நிலம் ஏறக்குறைய 17 இலட்சம் ஹெக்டயர். 2019ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 19 கோடி ஹெக்டயர். அதிற் பெரும்பகுதியும் சோயா, சோளம், பருத்தி, கனோலா என்னும் நான்கே பயிர்கள். சோயாவும் சோளமும் பெரும்பாலும் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீனாகின்றன. எஞ்சியது எண்ணெயாகவும் மாவாகவும் உருமாறுகிறது. தன் வயல்களில் இப்பயிர்களுக்கு ஏறக்குறைய முற்றாக இடங்கொடாத ஐரோப்பா, தன் விலங்குகளுக்கு இந்தச் சோயாவை ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக வாங்குகிறது. அத்தீனை உண்ட கோழியின் முட்டைக்கு அங்கே சுட்டுத்துண்டு வேண்டியதில்லை. களையை எளிதில் அழிக்கலாம், புழுவைத் தடுக்கலாம் என்பன உழவருக்குக் கிடைத்த ஆதாயங்கள். உண்பவர்க்கு விலையிலோ சுவையிலோ ஆதாயம் கண்கூடாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட பொருளை அறியாதபோது உண்பர். அறிந்தால் ஏன் உண்ணவேண்டுமென்று கேட்பர். கேட்பதும் நியாயமே.

நம் நாடு இவ்விடயத்தில் முதலில் மிகக் கடுமையான வழியையே நாடிற்று. 2001ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் தேதி தொடக்கம் இத்தகைய உணவு எதனையும் இறக்குமதி செய்யலாகாதென அரசாங்கம் விதித்தது. வணிக நாடுகளின் நெருக்குதல் வந்தது. தடை முதலிலே தள்ளிப்போடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 2006ஆம் ஆண்டில் வேறு விதிகள் ஆக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு சனவரி முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தன. உரிய அதிகாரியின் அங்கீகாரமின்றி இறக்குமதி செய்யலாகாது. அங்கீகரித்தவற்றையும் சுட்டுத்துண்டில் அறிவித்தே விற்கவேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். என் அபிப்பிராயத்தில் இரண்டாவது வழியே நல்லது. தடை விதிப்பது வாங்குவோரைக் குழந்தையாகக் கருதுவது. அறிவிப்பதோ அவரை அறிவுடையவராகக் கருதுவது. ஆனால் அறிவிப்பு மெய்யானதா என்று பார்க்கப் பரிசோதனைக் கூடமும், இடைவிடாது கடைகளுக்குச் சென்று மாதிரி எடுக்கும் உத்தியோகத்தரும் வேண்டும். நேயர்கள் தங்கள் அடுக்களையிலுள்ள சோயாப் பொதியை ஒருமுறை திருப்பி வாசித்துப் பார்க்கலாம். எழுத்து எவ்வளவு சிறியது என்பதையாவது அறிந்துகொள்வீர்கள்.

இனிவரும் காலம் எப்படியிருக்கும்? ஒரே கத்தரிக்காயைப் பற்றி அண்டை நாடுகள் எடுத்த முடிவுகளை வைத்து நேயர்களே ஊகிக்கலாம். காய் துளைக்கும் புழுவைத் தாங்கும் கத்தரியை, 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்தியா நிறுத்தி வைத்தது. அதே கத்தரியைப் பங்களாதேசம் 2013ஆம் ஆண்டில் அனுமதித்து, அடுத்த சனவரியில் 20 கமக்காரருக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. பிலிப்பைன்சு அனுமதித்தது, அங்கு 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் நீதிமன்றம் அக்கத்தரியையும், விற்றமின் ஏ ஊட்டிய பொன்னிற அரிசியையும் ஒருங்கே தடுத்தது. விதை ஒன்று, தீர்ப்பு மூன்று.

மற்றொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. அந்நிய பரம்பரையலகு எதனையும் புகுத்தாது, பயிரிடம் ஏற்கெனவே உள்ள எழுத்தையே திருத்தும் முறை அது. இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும் என்று கூறப்படும் ஒரு பொருள் மிகுந்த தக்காளியை இம்முறையில் ஆக்கி, 2021ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு விட்டனர். அங்குள்ள சட்டம் அதற்குச் சுட்டுத்துண்டைக் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் கம்பனி தானாகவே அதனை அறிவித்து விற்றது. தம் விதையைக் கொடுப்பதற்கு முன் வீட்டுத்தோட்டக்காரர் ஆயிரக்கணக்கானோருக்கு நாற்றுக்களை இலவசமாகவும் கொடுத்தது. பிரித்தானியப் பேணியின் வரலாற்றை அவர்கள் வாசித்திருந்தனர் போலும். இந்தியாவும் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வாறு திருத்திய இரண்டு நெல்லினங்களை அறிவித்துள்ளது.

இவ்வகை உணவைப் பரிசோதனைக் கூடத்திலே கண்டுபிடிப்பது கடினம். இயற்கையாகவே நேரக்கூடிய மாற்றத்துக்கும் மனிதர் செய்த இச்சிறு திருத்தத்துக்கும் வேறுபாடு காண்பது பெரும்பாலும் இயலாது. நமது விதிகளோ இம்முறை தோன்றுமுன் எழுதப்பட்டவை. அத்தகைய நெல்லின் அரிசியோ, அத்தக்காளியின் கூழோ கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கும் நாளில், அதைச் சோதிக்கும் கருவியிலும் பார்க்க, அனுப்பியவர் எழுதித்தரும் ஒரு தாளையே நமது உத்தியோகத்தர் நம்பவேண்டியிருக்கும். அத்தாளில் என்ன எழுதப்படவேண்டும் என்பதைக் கப்பல் வருமுன் எழுதிவைக்கச் சட்டம் வரைவோருக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.