மருதோன்றி கறுப்பதில்லை



பெருநாளைக்கு முந்திய இரவென்றால் எங்கள் வீட்டு அம்மிக்கு ஓய்விருக்காது. வேலியோரத்தில் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து நின்ற மருதோன்றிச் செடியில் அஸருக்குப் பின்னர் இலை உருவி, காம்பு நீக்கி, தேசிக்காய்ப் புளியும் கொஞ்சம் தேயிலைச் சாயமும் விட்டு உம்மம்மா அரைக்கத் தொடங்குவார். அரைபட்டது வெண்ணெய் போல வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பொட்டுக்கள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. அந்நாளைய சித்திரம் அவ்வளவுதான். சிறிது நேரத்திற்கெல்லாம் நான் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பேன். உம்மம்மா கையைத் தட்டிவிடுவார். "அவசரப்படாத புள்ள, மருதோண்டி செவக்கிறத்துக்கு ஒரு ராவு வேணும்" என்பார்.

அந்த ஓர் இரவு காத்திருக்க எங்களுக்குப் பொறுமையில்லாமற் போனதால் நேர்ந்த ஒரு காரியத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் இந்தச் செடியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நாம் மருதோன்றி என்றும் மருதாணி என்றும் சொல்வதைச் சித்த மருத்துவ நூல்கள் அழவணம் என்றும் ஐவணம் என்றும் சொல்லும். சிங்கள மக்களிடம் அது மரித்தொந்தி. இந்தச் சொல்லுக்கும் நமது சொல்லுக்கும் உள்ள உறவைச் செவியே சொல்லிவிடும். அறபியில் ஹின்னா. அபூபக்கர் (ரலி) அவர்கள் தமது நரைக்கு ஹின்னாவும் கதம் என்னும் செடியும் கலந்து சாயமிட்டதாக ஹதீஸ் நூல்களிற் காண்கிறோம். விவிலியத்தின் உன்னதப்பாட்டிலோ எங்கேதித் தோட்டத்து மருதோன்றிப் பூங்கொத்து காதலனுக்கு உவமையாகிறது. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் 16 அறபு நாடுகள் ஒன்றுசேர்ந்து விண்ணப்பித்ததன் பேரில், ஹின்னாவோடு சேர்ந்த சடங்குகளையும் அழகுக்கலையையும் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்திலே பெருமளவில் மருதோன்றி பயிரிடப்படும் சோஜத் என்ற ஊரின் பெயரால் அந்த இலைக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேலியோரத்துச் செடிக்கு இத்தனை பெருமை உண்டென்று உம்மம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால், அந்த இலை எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

இலைக்குள்ளே லோசோன் என்றொரு நிறப்பொருள் இருக்கிறது. காய்ந்த இலையில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான். இலையை அரைத்து, சற்றுப் புளிப்புச் சேர்த்து ஊறவிட்டால் அது வெளிப்படும். நமது தோலிலும் நகத்திலும் தலைமயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். கழுவியவுடன் தெரிவது செம்மஞ்சள் நிறமே. பிறகு காற்றுப் பட்டு ஒரு நாள், இரண்டு நாள் செல்லச் செல்ல அது செங்கபிலமாக முதிரும். தோல் தடித்த உள்ளங்கையிலும் பாதத்திலும் ஆழமாகவும், புறங்கையில் வெளிறியும் பிடிக்கும். மணப்பெண்ணின் கை நன்றாகச் சிவந்தால் மாப்பிள்ளைக்கு அவள்மேல் அன்பு அதிகம் என்று கேலி பேசுவார்கள். உண்மையில் தோலின் தடிப்பும் கையின் சூடும் காத்திருந்த நேரமுமே அதைத் தீர்மானிக்கின்றன. மேற்தோல் உதிர உதிர, ஒன்று முதல் மூன்று வாரத்தில் நிறமும் போய்விடும்.

நேயர்களே, இதில் எங்கேயாவது கறுப்பு வந்ததா? வரவில்லை. மருதோன்றி சிவக்கும், கபிலமாகும். கறுப்பதில்லை.

இதை நான் அறிந்துகொண்டது பிந்தித்தான். மதில் கட்டுவதற்காக உம்மம்மாவின் செடியை வெட்டுவித்தவள் நானே. அம்மியும் மூலைக்குப் போயிற்று. சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டுக் கல்யாணமொன்றிற்கு முதல் நாள், தம்பியின் மகள் என்னிடம் வந்து, "மாமி, பழைய காலம் போல அரைச்சிப் போடுவமா?" என்று ஆசையோடு கேட்டாள். "இந்த வேலைக்குள்ள ஆருக்கு அரைக்க நேரமிரிக்கி? கடையில கோன் வாங்கிப் போடு" என்று காசைக் கொடுத்தனுப்பினேன். அவள் வாங்கிவந்த கோனின் உறையில், அரை மணித்தியாலத்தில் கறுப்பு நிறம் என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. சொன்னபடியே அரை மணித்தியாலத்தில் கறுத்தது. எல்லோரும் மெச்சினோம்.

மூன்றாம் நாள், "மாமி, கையெல்லாம் எரியிது" என்று வந்து நின்றாள். கொடியும் பூவுமாக எழுதிய கோடுகள் அப்படியே தடித்துச் சிவந்து, நீர்க்கொப்புளங்களாக எழும்பியிருந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம்.

வைத்தியர் முதலிற் கேட்டது, இதற்கு முன்னரும் இப்படிக் கறுப்பாகப் போட்டதுண்டா என்பதைத்தான். உண்டு, போன பெருநாளைக்கும் போட்டாள், அப்போது ஒன்றும் செய்யவில்லை என்றோம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார். பாராபெனிலின் டயமீன், சுருக்கமாகப் பி.பி.டி., என்பது கறுப்புத் தலைச்சாயங்களிற் சேர்க்கப்படும் இரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, தலையிற் பூசும் கலவையில் அது நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக்கூடாது. தோலிற் சித்திரம் எழுதுவதற்கு அனுமதியே இல்லை. கறுப்பு மருதோன்றி என்று விற்கப்படுபவற்றில் அதைவிடப் பன்மடங்கு கலந்திருப்பதுண்டு. முதல் முறையில் உடல் அதைப் பகையென்று பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை எதிர்த்துக் கிளம்பும். அந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை.

புண் ஆறிவிட்டது. வெளிறிய தழும்பு நெடுநாள் இருந்தது. கடைச் சாயம் எதையும் இனித் தலையில் வைக்கக்கூடாது என்பது அவளுக்கு வைத்தியர் இட்ட கட்டளை. இருபது வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதற்குமான தடை. அதற்குக் காசு கொடுத்தவள் நான்.

தலைமயிர் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மருதோன்றித் தூளைத் தேயிலைச் சாயத்தில் இரவு முழுக்க ஊறவைத்துத் தலையில் அப்பினால் நரை செம்மஞ்சளாகும், கருமயிருக்கு ஒரு செம்மினுக்கம் வரும். கறுப்புத்தான் வேண்டுமென்பவர்கள் முதலில் மருதோன்றியும், அதைக் கழுவிய பிறகு அவுரி இலைத் தூளும் பூசுவார்கள். அதுதான் இலையாற் கிடைக்கும் கறுப்பு. அதற்கு இரண்டு தடவை உட்காரவேண்டும். ஒரே பொதியில் ஒரே தடவையிற் கறுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். மயிர் வறளக்கூடுமாதலால் பிறகு எண்ணெய் வைப்பது நல்லது. இலைதானே என்று பச்சைக் குழந்தைகளுக்கும் பூசிவிடாதீர்கள். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நல்ல மருதோன்றியே செங்குருதிக் கலங்களை உடைத்து ஆபத்தை உண்டாக்கக்கூடும்.

நல்லதை இனங்காண்பது கடினமல்ல. அதில் பச்சிலை வாசம் வரும், பெற்றோல் வாடை வராது. கலவை பச்சையாகவோ பசுங்கபிலமாகவோ இருக்கும், மை போல இராது. மணித்தியாலக் கணக்கில் கையில் இருக்கவேண்டும். குழைத்த மருதோன்றி சில நாட்களிற் சக்தி இழந்துவிடும். ஆகவே, மாதக்கணக்கிற் கடை அலுமாரியில் கிடந்தும் கெடாத கோனில் இலையைத் தவிர வேறேதோ இருக்கிறது. உறையில் உட்பொருள் எழுதப்படாததை வாங்காதீர்கள். எங்களுக்கு நேர்ந்தது உங்கள் பிள்ளைக்கு நேர வேண்டாம்.

அயல்வீட்டு வளவிலிருந்து ஒரு தடி முறித்து வந்து மதிலோரம் நட்டேன். வேர் பிடித்து, இப்போது என் தோளுயரம் நிற்கிறது. சென்ற பெருநாள் இரவு அம்மியைக் கழுவி வைத்து இலை அரைத்தேன். தம்பியின் மகள் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். கை நீட்டவில்லை. நானும் நீட்டச் சொல்லவில்லை. வைத்தியரிடம் கேட்காமல் இனி அவள் கையில் எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அவளுடைய சின்னத் தங்கைதான் கை நீட்டினாள். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம் வைத்து, சுற்றிப் பொட்டுக்கள் இட்டேன். சற்று நேரத்தில் அது ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தது.

கையைத் தட்டிவிட்டவள் நானல்ல, மூத்தவள். "அவசரப்படாத புள்ள, ஒரு ராவு வேணும்" என்றாள்.