கண்ணுக்குக் கரண்ட் கொடுத்தா பார்வை திரும்புமா?

போத்தனூர்ல இருந்து பேசறேனுங்க. நடுவுல ரயில் சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க, ஜங்ஷன் பக்கத்துலயே இருக்கு.

இந்த எபிசோடுக்கு ஒரே கேள்விதான். மூக்குக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கிட்டு, கண்ணுக்கு லேசா கரண்ட் கொடுக்கிற கருவிகள் இருக்கு. பரம்பரையா வர்ற விழித்திரை நோய்க்கு அது உதவும்னு சொல்றாங்க. நம்ம வீட்டுல ஒருத்தருக்கு அந்த நோய் இருந்தா, நகையை அடகு வச்சாவது அதை வாங்கிடலாமா?

முதல்ல நோயைப் பார்ப்போம். பேரு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, சுருக்கமா ஆர்.பி. ஊர்ல 'மாலைக்கண்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுவாங்க. வைட்டமின் ஏ குறைஞ்சாலும் மாலைக்கண் வரும். அதுக்கு மருந்து இருக்கு. ஆர்.பி. வேற, இது மரபணுக் கோளாறு. மங்கலான வெளிச்சத்துல பார்க்க உதவுற செல்கள் முதல்ல சாகும். அதனால பொழுது சாஞ்சதும் தடுமாற்றம். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கிட்டே வந்து, குழாய் வழியா பார்க்கிற மாதிரி நடுவுல மட்டும் தெரியும். அதனாலதான் இந்த நோய் இருக்கிறவங்க நியூஸ் பேப்பரைப் படிச்சிடுவாங்க, ஆனா பக்கத்துல கிடக்கிற நாற்காலியில இடிச்சுக்குவாங்க. "நல்லாத்தானே படிக்கிறான், இதுல நடிப்பு வேற"ங்கிற பேச்சும் கேட்க வேண்டியிருக்கும்.

உலக அளவுல சுமார் 4,000 பேர்ல ஒருத்தருக்கு இது வரும்னு கணக்கு. தென்னிந்தியாவுல 40 வயசு தாண்டினவங்ககிட்ட எடுத்த ஓர் ஆய்வு 2008ல வெளிவந்துச்சு. அதுல நகரத்துல 930 பேர்ல ஒருத்தர், கிராமத்துல 372 பேர்ல ஒருத்தர். ஆர்.பி.யில பல வகை இருக்கு. அதுல சில வகைகள், அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தாத்தான் வரும். சொந்தத்துக்குள்ள கட்டிக்கும்போது அந்த வாய்ப்பு கூடுது. தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டுல 28 சதவீதக் கல்யாணம் சொந்தத்துலதான். முறைப்பையன், தாய்மாமன்னு நம்ம பக்கம் பழகிப்போன விஷயம் இது.

சரி, கரண்ட் எங்க வருது? நம்ம ஊர்ல ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப் இருக்கில்ல, அதையே வச்சுச் சொல்றேன். தண்டவாளத்து ஓரத்துல வண்டி வர்றதை உணர்ற கருவி பழுதாயிடுச்சு. ஆனா அங்கிருந்து கேபினுக்குப் போற கேபிள் ஓரளவு நல்லா இருக்கு. ஆர்.பி.யும் அப்படித்தான். வெளிச்சத்தை உணர்ற செல்கள் போயிடும். மூளைக்குப் போற நரம்பு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அந்த நரம்பு கரண்டுக்குப் பதில் சொல்லும்ங்கிறது பழைய சங்கதி. 1755லயே பிரான்ஸ்ல சார்லஸ் லெ ராய்னு ஒரு டாக்டர், பார்வை இல்லாத ஒருத்தருக்கு ஷாக் கொடுத்துப் பார்த்தார். அவருக்குத் தீப்பிழம்பு மாதிரி தெரிஞ்சுது. ஆனா பார்வை திரும்பல.

இந்தக் கருவிகள்ல ரெண்டு ரகம். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

முதல் ரகம், மிச்சம் இருக்கிற செல்களைக் காப்பாத்தப் பார்க்கிறது. ஜெர்மனியோட ஓகுஸ்டிம் இந்த வகை. கண்ணாடி ஃபிரேம்ல இருந்து மெல்லிசா ஒரு இழை வந்து கருவிழியைத் தொடும். வாரத்துக்கு ஒரு தடவை, 30 நிமிஷம், வீட்டுலயே. ஜப்பான்ல எலிகள்கிட்ட செஞ்ச ஆய்வுகள்ல, இப்படிக் கரண்ட் கொடுத்தா விழித்திரை செல்கள் கூடுதல் நாள் உயிரோட இருந்துச்சு. செல்களைப் பாதுகாக்கிற புரதங்கள் அப்போ அதிகமா சுரக்கிறதுதான் காரணம்னு சொல்றாங்க.

மனுஷங்ககிட்ட? ஜெர்மனியில 2011ல 24 பேரை வச்சு ஆறு வாரம் பார்த்தாங்க. நம்பிக்கை தர்ற முடிவு வந்துச்சு. அடுத்து 52 பேரை ஒரு வருஷம் பார்த்து 2017ல வெளியிட்டாங்க. விழித்திரையோட மின் துடிப்பைப் பதிவு பண்ற சில அளவுகள் மட்டும் கூடுச்சு. பார்வைக் கூர்மையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. பெரிய ஆபத்தும் இல்ல, கண் வறட்சி மாதிரி சின்னத் தொந்தரவுதான். ஆக, இது நோயோட வேகத்தைக் குறைக்கலாம், அதுவும் 'லாம்'தான். செத்த செல்லை எழுப்பாது. "போன பார்வை திரும்பும்"னு யாராவது விளம்பரம் பண்ணா, அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க.

ரெண்டாவது ரகம், செத்துப்போன செல்லோட வேலையைத் தானே செய்யறது. கண்ணாடியில கேமரா, கண்ணுக்குள்ள ஆபரேஷன் பண்ணி வச்ச சிப். ஆர்.பி.க்காக வந்த ஆர்கஸ் 2 கருவிக்கு 2013ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. மொத்தம் 60 மின்முனை. வாசல் எது, சுவர் எதுன்னு நிழலாத் தெரியும். அதைச் செஞ்ச செகண்ட் சைட் கம்பெனி 2019ல உற்பத்தியை நிறுத்திச்சு, 2020ல கிட்டத்தட்ட மூடற நிலைக்கே போயிடுச்சு. உலகம் முழுக்க 350க்கும் மேல பேர் கண்ணுக்குள்ள சிப்போட நின்னாங்க. ரிப்பேர் பண்ண ஆள் இல்ல, ஸ்பேர் இல்ல. போன் கம்பெனி மூடினா வேற போன் வாங்கிக்கலாம். இதுக்கு என்ன பண்றது, சொல்லுங்க?

2025 அக்டோபர்ல பிரிமான்னு ஒரு சிப்போட முடிவு வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு சோதிச்ச 32 பேர்ல 26 பேருக்குப் பார்வை நல்லாவே முன்னேறியிருந்துச்சு. நிஜமாவே பெரிய விஷயம். ஆனா அது வயசானவங்களுக்கு விழித்திரையோட நடுப்பகுதி தேயற நோய்க்கு. ஆர்.பி.க்கு இல்ல.

அதனால பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எந்த நோய்க்கு, எத்தனை பேர்கிட்ட, எவ்வளவு நாள் சோதிச்சாங்க? இந்தியாவுல இறக்குமதி லைசென்ஸ் இருக்கா? நம்பரைக் கேளுங்க, 2017 மருத்துவக் கருவி விதிகள்படி கொடுத்தாகணும். கம்பெனி மூடினா சர்வீஸ் யாரு?

அதைவிட முக்கியம், இன்னைக்கே செய்யக்கூடிய வேலைகள். ஒரு விழித்திரை டாக்டர்கிட்ட மரபணு டெஸ்ட் பத்திக் கேளுங்க. கோயம்புத்தூர்ல அரவிந்த், சங்கரான்னு பெரிய கண் ஆஸ்பத்திரிகள் இருக்கு. ஆர்.பி.யே எல்லாருக்கும் ஒரே நோய் இல்ல. ஆர்.பி.இ.65ங்கிற மரபணுல பழுது இருந்தா, அதுக்குன்னே ஒரு மரபணு சிகிச்சைக்கு 2017லயே அமெரிக்காவுல அனுமதி கொடுத்துட்டாங்க. நமக்கு எதுல பழுதுன்னே தெரியாம இருந்தா, நாளைக்கு மருந்து வந்தாலும் நமக்கானதான்னு தெரியாது.

அப்புறம், மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 சட்டத்துல பார்வை வீச்சு 40 டிகிரிக்குக் கீழ இருந்தாலே குறைபார்வைக் கணக்குல வரும், 10 டிகிரிக்குக் கீழன்னா பார்வையின்மை. எழுத்தெல்லாம் தெளிவாப் படிக்க முடிஞ்சாலும் சரி. "நமக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க"ன்னு போகாமலேயே இருக்கிறவங்க இருக்காங்க. போங்க, பார்வை வீச்சு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க.

கடைசியா ஒண்ணு, வீட்டுல இருக்கிற இளசுகளுக்கு. ஜாதகம் கைமாறுற நேரத்துல இந்த நோயை மறைக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. மாப்பிள்ளைக்கு ராத்திரியில கண்ணு தெரியாதுங்கிறது கல்யாணத்துக்கு அப்புறம்தான் பொண்ணுக்குத் தெரிய வரும். உங்க பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ இது இருந்தா, வீட்டுல பேச்சை எடுக்க வேண்டியது நீங்கதான். டெஸ்ட் எடுத்துக்கிட்டு, தெரிஞ்சே முடிவு பண்ணுங்க.

இந்த எபிசோடு தேவைப்படற ஒருத்தர் உங்க சொந்தத்துல இருந்தா, லிங்க்கை அனுப்பினா மட்டும் போதாது, பக்கத்துல உட்கார்ந்து கேட்க வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.